ஒரே நாள், நியூயார்க்: மெட் மியூசியமா, சென்ட்ரல் பார்க்கா?

நியூஜெர்சியின் எடிசனில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து அக்டோபர் வரை ஊரிலிருந்து அப்பா அம்மாக்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முதல் இரண்டு வாரம் தூக்கம் கெட்டுப்போவது, கோயில், மளிகைக் கடை என்று ஓடிவிடும். அப்புறம் ஒரு சனிக்கிழமை சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், ஏதோ ஒரு உயரமான கட்டடத்தின் மாடி எல்லாம் ஒரே மூச்சில் முடியும். அதற்குப் பிறகும் ஒரு நாள் மிச்சம் இருக்கும்போதுதான் எனக்கு வாட்ஸ்ஆப் வரும்: "மெட் மியூசியமா, சென்ட்ரல் பார்க்கா? எது வொர்த்?"

மெட் என்பது மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம். பதிலுக்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். என்றைக்குப் போகிறீர்கள்? யார் யார் வருகிறார்கள்? எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் நான் சொல்லாமலே முடிவு வந்துவிடும். பெயரும் புகழும் பார்த்து முடிவெடுத்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன். என் அப்பா அம்மா முதல் தடவை வந்தபோது காலையில் பார்க் முழுக்க, மத்தியானம் மியூசியம் முழுக்க என்று திட்டம் போட்டேன். பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவோடு வந்த அப்பா, மியூசியத்து வாசல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க சாமி, நா இங்கியே உக்காந்துக்கறேன்." ஊரிலிருந்து வந்தவர்கள் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அன்றைய சுற்றுலா முடிந்தது என்று அர்த்தம்.

அதற்கப்புறம் மாமனார் மாமியார், சித்தப்பா குடும்பம், கணவரின் அக்கா என்று ஏழெட்டு முறை போய்வந்து தேறியதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கிழமையைப் பாருங்கள்

மெட் மியூசியத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. நம்மில் பாதிப் பேர் இதில்தான் விழுகிறோம், ஏனென்றால் ஆபீஸில் லீவு எடுப்பதென்றால் வாரத்தின் நடுவில்தான் எடுப்போம். புதன் என்றால் மேலே படிக்க வேண்டாம், பார்க்குக்குப் போங்கள். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங், டிசம்பர் 25, ஜனவரி 1, மே மாதத்து முதல் திங்கள் ஆகிய நாட்களிலும் மூடியிருக்கும். அந்த மே திங்கள்தான் சினிமா நட்சத்திரங்கள் வினோத உடுப்பில் படியேறும் விழா நாள்.

மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 5 வரை. வெள்ளியும் சனியும் மட்டும் இரவு 9 வரை திறந்திருக்கும். இந்த இரண்டு மாலைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். பார்க்குக்குக் கிழமைக் கணக்கே இல்லை, தினமும் காலை 6 மணி முதல் நள்ளிரவு தாண்டி 1 மணி வரை. இரவில் பார்க்குக்குள் பெரியவர்களை நான் கூட்டிப் போவதில்லை. பயத்தைவிட, இருட்டில் பார்க்க ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

படி 2: முழங்காலைக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி. எல்லோரும் தப்பாகக் கணக்குப் போடுவதும் இங்கேதான். "அப்பாவால் ரொம்ப நடக்க முடியாது, அதனால் பார்க் வேண்டாம், மியூசியம் போகலாம்" என்பார்கள். பாதி சரி, பாதி தவறு.

சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். தெற்கே 59ஆம் தெருவில் தொடங்கி வடக்கே 110ஆம் தெரு வரை நான்கு கிலோமீட்டர் நீளம், முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலம். எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அதை முழுக்க நடக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பத்தாயிரத்தை ஒட்டிய பெஞ்சுகள் இருக்கின்றன, பத்து நிமிடம் நடந்து இருபது நிமிடம் உட்காரலாம். பெஞ்சுகளின் முதுகில் சின்ன உலோகப் பட்டைகள் பதித்திருப்பார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் கல்யாண நாளுக்காகவும் இறந்துபோனவர் நினைவாகவும் வளர்த்த நாய்க்காகவும்கூட எழுதி வைத்தவை அவை. என் மாமியார் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் போக்கினார்.

மியூசியத்தில் நடை வேறு மாதிரி. இரண்டடி வைத்து நிற்க வேண்டும், மறுபடி இரண்டடி, மறுபடி நிற்க வேண்டும். கீழே கல் தரை. நடப்பதைவிட நிற்பதுதான் காலை வாங்கும் என்பது கல்யாண மண்டப வாசலில் நின்று பன்னீர் தெளித்தவர்களுக்குத் தெரியும். கட்டடமோ 80ஆம் தெரு முதல் 84ஆம் தெரு வரை நீண்டு கிடக்கிறது. காட்சிக்கூடத்தில் பெஞ்சு உண்டு, ஆனால் நீங்கள் உட்கார நினைக்கும்போது அதில் வேறு யாராவது இருப்பார்கள்.

ஆக, நடக்க முடியும், நிற்கத்தான் முடியாது என்பவர்களுக்குப் பார்க். நடக்கவே சிரமம் என்பவர்களுக்கு மியூசியம். இந்த இரண்டாவது ஏன் என்றால், மெட்டில் சக்கர நாற்காலி இலவசம். கோட்டு, பை வைக்கும் கவுண்டரில் கேட்டால் தருவார்கள், முதலில் வருபவர்களுக்கு முதலில். உள்ளே எல்லா இடத்துக்கும் லிஃப்ட், சுத்தமான கழிவறைகள். பார்க்கில் ஏற்ற இறக்கம் உண்டு, கழிவறைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சக்கர நாற்காலி என்றதும் "நா என்ன சீக்காளியா?" என்று கேட்பார்கள். வாதாடாதீர்கள். நாற்காலியை வாங்கி அதில் தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர், கைப்பை எல்லாவற்றையும் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். ஒரு மணி நேரத்தில் பைகள் உங்கள் தோளுக்கு வந்திருக்கும், அப்பா அதில் உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று: மெட் என்றதும் படங்களில் பார்க்கும் அந்தப் பெரிய படிக்கட்டு ஐந்தாம் அவென்யூவும் 82ஆம் தெருவும் சேரும் இடத்தில் இருக்கிறது. அதில் ஏற வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்சம் தெற்கே, 81ஆம் தெருப் பக்கம், தெரு மட்டத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. அங்கே நுழைந்து லிஃப்ட் பிடித்தால் போதும். இது தெரிந்திருந்தால் என் அப்பா அன்றைக்கு அந்தப் படிகளைப் பார்த்து மலைத்திருக்க மாட்டார்.

படி 3: வானத்தைப் பாருங்கள்

ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிதல்ல என்று நினைப்பீர்கள். புழுக்கம் சென்னையைப் போலவே இருக்கும், ஆனால் சென்னையில் அந்த நேரத்தில் யாரும் வெளியே சுற்ற மாட்டார்கள். பகல் 11 முதல் 4 வரை மியூசியத்துக்குள் இருந்துவிட்டு மாலையில் பார்க் போவது உத்தமம், அங்கே எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அப்போது தயக்கமே வேண்டாம், மியூசியம்தான். பனி பெய்த மறுநாள் வெயில் அடித்தால் மட்டும் அரை மணி நேரம் பார்க்கின் ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஊருக்கு அனுப்ப அதுதான் கேட்கும்.

ஏப்ரல் பாதியிலிருந்து மே பாதி வரையும், அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் முதல் வாரம் வரையும் வந்தவர்களை மியூசியத்துக்குள் அடைப்பது பாவம். முதலாவதில் செர்ரிப் பூ, இரண்டாவதில் இலை சிவக்கும் காலம். மியூசியம் எங்கேயும் போய்விடாது.

படி 4: காசைக் கணக்குப் போடுங்கள்

பார்க்குக்குக் கட்டணம் கிடையாது. மெட்டில் இதை எழுதும்போது பெரியவர்களுக்கு 30 டாலர், 65 வயது ஆனவர்களுக்கு 22, மாணவர்களுக்கு 17, பன்னிரண்டு வயதுக்குக் கீழே இலவசம். நீங்கள் இருவர், 65 தாண்டிய அப்பா அம்மா, எட்டு வயதுக் குழந்தை என்றால் மொத்தம் 104 டாலர். இந்தத் தொகையை அம்மா மனதுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார் என்பதையும் கணக்கில் சேருங்கள். டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிட்டு விலையைச் சொல்லாமல் இருப்பது என் வழக்கம்.

"அங்கே இஷ்டப்பட்டதைக் கொடுத்தால் போதுமாமே" என்று யாராவது சொல்வார்கள். முன்னால் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. 2018 மார்ச்சிலிருந்து அந்தச் சலுகை நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கும், நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் மாநில மாணவர்களுக்கும் மட்டும். எடிசன்வாசிகளான நமக்குக் கிடையாது. ஆற்றுக்கு இந்தக் கரையில் வீடு எடுத்ததற்கான அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கையோ காலேஜில் இருக்கும் மகனோ கூட வந்தால், அவர்களுடைய மாணவர் அட்டைக்கு அந்தச் சலுகை உண்டு. வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

பார்க் இலவசம் என்று சொன்னேன். அதற்குள் சைக்கிள் ரிக்‌ஷா இலவசமில்லை. வாசலிலேயே வந்து கூப்பிடுவார்கள். கட்டணம் நிமிடக் கணக்கில், பலகையில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். என் சித்தப்பா அதை மொத்தக் கட்டணம் என்று நினைத்து ஏறி, முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, இறங்கும்போது கொடுத்த தொகையை இன்றுவரை சித்தியிடம் சொல்லவில்லை. ஏற வேண்டும் என்றால், ஏறும் முன்பே "இத்தனை நிமிடம், மொத்தம் இவ்வளவு" என்று பேசி முடித்துவிடுங்கள்.

படி 5அ: மியூசியம் என்று முடிவானால்

முழு மியூசியத்தையும் பார்க்கும் எண்ணத்தை ரயிலிலேயே விட்டுவிடுங்கள். பதினைந்து லட்சம் பொருட்கள் அவர்களிடம் இருக்கின்றன. அதில் காட்சிக்கு இருப்பதையே ஒரு வாரத்தில் முடிக்க முடியாது. இரண்டரை மணி நேரம், வடக்குப் பாதி மட்டும். இதுதான் நான் பின்பற்றும் வழி.

பிரதான மண்டபத்தில் நுழைவாசலுக்கு முதுகு காட்டி நின்றால் வலது கைப் பக்கம் எகிப்து. கூட்டத்தோடு உள்ளே போய் நேராக தெந்தூர் கோயிலுக்குப் போய்விடுங்கள், மம்மிகளைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். நைல் நதிக்கரையில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு, ரோமப் பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் கட்டிய கற்கோயில் இது. அஸ்வான் அணை கட்டியபோது தண்ணீரில் மூழ்க வேண்டியதைக் கல் கல்லாகப் பெயர்த்து, 661 பெட்டிகளில் அடுக்கி, 1965இல் எகிப்து அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தது. 1978இல் இங்கே திறந்து வைத்தார்கள். பெரிய கூடம், முன்னால் தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கம் முழுக்கச் சாய்ந்த கண்ணாடிச் சுவர், அதற்கு வெளியே பார்க்கின் மரங்கள். உட்கார இடமும் உண்டு.

நாங்கள் சத்தியமங்கலத்துப் பக்கம். அணைக் கதையைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பவானிசாகர் அணைக்குள்ள டணாய்க்கன் கோட்டைக் கோயலு முங்கிக் கெடக்குதே. அதையும் இப்பிடித் தூக்கி வெச்சிருக்கலாமில்ல?" என்றார். தண்ணீர் வற்றிய வருடங்களில் மட்டும் தலைகாட்டும் கோயில் அது. அப்பா அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிச் சொன்னது எனக்கு அதுவரை தெரியாத கதைகள். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் ஐம்பது பொருட்களைத் தேடி ஓடியிருந்தால் இது கிடைத்திருக்காது.

அங்கிருந்து பக்கத்திலேயே அமெரிக்கப் பிரிவின் முற்றம். கண்ணாடிக் கூரை, பளிங்குச் சிலைகள், காபி கிடைக்கும் இடம். குழந்தைகள் இருந்தால் அதை ஒட்டிய கவசக் கூடத்துக்கு விடுங்கள், இரும்புச் சட்டை போட்ட குதிரைகள் மேல் இரும்புச் சட்டை போட்ட வீரர்கள் இருப்பார்கள்.

பிறகு லிஃப்டில் இரண்டாம் தளம். இந்த நாட்டில் தரைத்தளத்தின் பெயர்கள் குழப்பும். பெரிய படிக்கட்டு ஏறி நுழையும் மட்டம்தான் இவர்களுக்கு முதல் தளம், நாம் நுழைந்த 81ஆம் தெரு வாசல் அதற்கும் கீழே. இரண்டாம் தளத்தின் வடக்கில் ஆசியக் கூடங்கள். சோழர் செப்புத் திருமேனிகள் அங்கேதான். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பார்வதி ஒன்று இருக்கிறது, இரண்டடிக்குச் சற்றுக் கூடுதலான உயரம்தான். வலது கை விரல்கள் எதையோ பிடிப்பதுபோல மடங்கி இருக்கும். பக்கத்து அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கத் தொடங்குவதற்குள் அம்மா, "கையில பூ வெக்கறதுக்கு எடம் உட்டிருக்கறான் பாரு கண்ணு" என்றார். அட்டை தேவைப்படவில்லை. நடராசர், கண்ணனை மடியில் வைத்த யசோதை, பேயுரு கொண்ட காரைக்கால் அம்மையார் ஆகியோரின் செப்புச் சிலைகளும் மெட்டின் சேகரிப்பில் உண்டு. எல்லாமே எல்லா நாளும் காட்சியில் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் ஒன்றையே குறிவைத்துப் போகாதீர்கள்.

"இதெல்லாம் எப்பிடி இங்க வந்துச்சு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். மழுப்ப வேண்டாம். வாங்கியவை உண்டு, நன்கொடையாக வந்தவை உண்டு, களவாடப்பட்டு வியாபாரிகள் கைமாறி வந்தவையும் உண்டு. 2023 மார்ச்சில் இந்தியாவுக்கு 15 சிற்பங்களைத் திருப்பித் தருவதாக மெட்டே அறிவித்தது.

அதே தளத்தில் சீனத் தோட்ட முற்றம் ஒன்று இருக்கிறது. சூச்சோவிலிருந்து கைவினைஞர்கள் வந்து கட்டி, 1981இல் திறந்தது. மீன் குளமும் பாறையுமாக அமைதியாக இருக்கும். களைத்தவர்களை அங்கே உட்கார வைத்துவிட்டு, ஓவியத்தில் ஆசை உள்ளவர் மட்டும் தெற்குப் பாதிக்கு ஒரு ஓட்டம் ஓடி வான்கோவின் சைப்ரஸ் மரங்களையும் வைக்கோல் தொப்பி போட்ட அவருடைய முகத்தையும் பார்த்து வரலாம். முக்கால் மணி நேரம் கொடுங்கள். செல்போனில் படம் எடுக்கலாம். ஃபிளாஷும் செல்ஃபிக் குச்சியும் கூடாது. முதுகுப் பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், பெட்டி படுக்கையோடு போனால் உள்ளே விட மாட்டார்கள்.

படி 5ஆ: பார்க் என்று முடிவானால்

மேற்குப் பக்கம் 72ஆம் தெருவில் நுழையுங்கள். நியூஜெர்சி ரயில் வந்து நிற்கும் பென் ஸ்டேஷனிலிருந்து சி என்ற சுரங்க ரயில், மாற்றாமல் கொண்டுவந்து விடும். எதிரே நிற்கும் டக்கோட்டா கட்டடத்தின் வாசலில்தான் 1980 டிசம்பரில் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனைச் சுட்டார்கள். பார்க்குக்குள் நுழைந்த சில நிமிடங்களிலேயே அவர் நினைவாகத் தரையில் பதித்த வட்டம் வரும், யாராவது கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை, தாண்டி நடங்கள். ஏரியை இடது கையில் வைத்துக்கொண்டே போனால் பெதஸ்தா மாடமும் நீரூற்றும் வரும். மொத்தம் ஒரு கிலோமீட்டருக்குள்தான். மாடத்துக்குக் கீழே உள்ள மண்டபத்தின் விதானம் முழுக்க இங்கிலாந்திலிருந்து வந்த வண்ண ஓடுகள். அங்கே யாராவது பாடினால் குரல் எதிரொலிக்கும். நீரூற்றின் மேல் நிற்கும் தேவதையைச் செய்தவர் எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண். 1873இல் திறந்தது. இந்த ஊரில் ஒரு பெரிய பொதுச் சிற்பப் பணி பெண் ஒருவருக்குக் கிடைத்தது அதுதான் முதல் முறை. பக்கத்தில் கழிவறை இருக்கிறது, கேட்டுக்கொண்டு எல்லோரும் போய்வந்துவிடுங்கள்.

இங்கே ஒரு மணி நேரம் உட்காரலாம். இந்த ஏரி, புல்வெளி, குன்று, காடு எதுவும் தானாக அமைந்தவை இல்லை என்பதைச் சொல்லுங்கள், யாரும் நம்ப மாட்டார்கள். சேறும் பாறையுமாகக் கிடந்த நிலத்தை ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் என்ற இருவர் 1858இல் போட்டியில் வென்ற வரைபடத்தின்படி ஆக்கியது. நிலம் வெறுமனே கிடக்கவும் இல்லை. மேற்குப் பக்கம் 82 முதல் 89ஆம் தெரு வரை செனெகா கிராமம் என்ற ஊர் இருந்தது. கறுப்பின மக்கள் 1825 முதல் நிலம் வாங்கி வீடும் தேவாலயமும் கட்டி வாழ்ந்த இடம். பார்க்குக்காக 1857க்குள் காலி செய்துவிட்டார்கள்.

வழி தப்பினால் கூகுளைவிட விளக்குக் கம்பம் உதவும். ஒவ்வொரு கம்பத்திலும் நான்கு இலக்க எண் இருக்கும். 7205 என்றால் நீங்கள் 72ஆம் தெருவுக்கு நேராக இருக்கிறீர்கள். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் மேற்குப் பக்கம், இரட்டை என்றால் கிழக்கு. அமெரிக்க சிம் இல்லாத அப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அன்று முழுக்க எங்களுக்கு அவர்தான் வழிகாட்டி.

பூச்செடிப் பித்து உள்ளவர்களாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். நேரே வடக்கே, ஐந்தாம் அவென்யூவில் 105ஆம் தெருவில் இருக்கும் கன்சர்வேட்டரி கார்டனுக்குப் போங்கள். வசந்தத்தில் துலிப், அக்டோபரில் சாமந்தி. அம்மா அந்தச் சாமந்தியைப் பார்த்துவிட்டு முழம் என்ன விலை போகும் என்று கணக்குப் போட்டார்.

இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால்

முடியும், ஒன்றைச் சாப்பாடாகவும் மற்றதை ஊறுகாயாகவும் வைத்தால். மெட் நிற்பதே பார்க்கின் நிலத்தில்தான். அதன் முதல் கட்டடத்தை, 1880இல் திறந்ததை, வரைந்தவர்களில் ஒருவர் அதே கால்வர்ட் வாக்ஸ். அந்தச் செங்கல் சுவரின் துண்டு இன்றைக்கும் பின்னால் கட்டிய கூடங்களுக்குள் தெரியும்.

மியூசியம் சாப்பாடு என்றால், வெளியே வந்ததும் கட்டடத்தின் பின்பக்கம் சுற்றிப் போங்கள். மரங்களுக்கு நடுவே எகிப்திய ஒற்றைக்கல் தூண் ஒன்று நிற்கும், கிட்டத்தட்ட 3500 வருடப் பழையது, சுமார் 200 டன். 1881இல் இங்கே நிறுத்தினார்கள். உள்ளே எகிப்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது நல்ல முடிப்பு. குழந்தைகள் நச்சரித்தால் மியூசியத்துக்கு வடக்கே 85ஆம் தெரு அருகே பிரமிடு மாதிரி ஏறி விளையாடும் மைதானம் இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

பார்க் சாப்பாடு என்றால், வெள்ளி அல்லது சனிக்கிழமையாகப் பார்த்து மத்தியானம் பெதஸ்தாவில் தொடங்கி, கிழக்கே பொம்மைப் படகு விடும் குளம், 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதையின் ஆலிஸ் சிலை என்று மெதுவாக வடக்கே நகர்ந்து, ஆறு மணிக்கு மெட்டுக்குள் நுழையுங்கள். கூட்டம் குறைந்திருக்கும். தெந்தூர், சோழர் கூடம் இரண்டு மட்டும். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். கால் வலிக்காத முதியவர்களை நான் கூட்டிப்போவது இப்போதெல்லாம் இப்படித்தான்.

சாப்பாடும் திரும்பும் வழியும்

புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், தயங்க வேண்டாம். பார்க் பெஞ்சில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காட்சிக்கூடங்களுக்குள் பிரிக்க முடியாது, மியூசியம் போகும் நாளில் உள்ளே நுழையும் முன்பே ஐந்தாம் அவென்யூ ஓரத்துப் பெஞ்சில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். தள்ளுவண்டிகளில் சைவத்துக்கு உப்பு தூவிய பிரெட்சலைத் தாண்டி அதிகம் தேறாது. அணில்களுக்குச் சாதம் போட அம்மா கை நீட்டுவார், தடுத்துவிடுங்கள், இங்கே கூடாது.

சுரங்க ரயிலின் படிகள் முடியாதவர்களுக்கு எம் 4 பஸ் நல்லது. பென் ஸ்டேஷன் அருகே கிளம்பி மேடிசன் அவென்யூ வழியாக மேலே போகும், 83ஆம் தெருவில் இறங்கி ஒரு பிளாக் நடந்தால் மெட். திரும்பும்போது மியூசியத்துக்கு முன்னாலேயே ஐந்தாம் அவென்யூவில் ஏறலாம். நெரிசலில் முக்கால் மணி நேரம்கூட ஆகும், ஆனால் உட்கார்ந்தபடி ஊரைப் பார்த்துக்கொண்டே வரலாம். கார்டைத் தட்டினால் போதும், சில்லறை தேட வேண்டாம்.

பென் ஸ்டேஷனில் உங்கள் ரயில் எந்த ட்ராக் என்பது கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் பலகையில் விழும். விழுந்ததும் மொத்தக் கூட்டமும் அந்த எஸ்கலேட்டரை நோக்கி ஓடும். பெரியவர்களோடு நீங்கள் ஓட முடியாது. லிஃப்ட் எந்தப் பக்கம் என்று காலையில் வந்து இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.